கடற்கரையில் தாலி கட்டலாமா?

பையன் கேட்டாயிற்று, பெண்ணும் சரி என்று சொல்லியாயிற்று. இரண்டு வீட்டிலும் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். வெற்றிலை பாக்கு மாற்றி நிச்சயமும் முடிந்தது. அதற்கப்புறம்தான் பிள்ளைகள் குண்டைத் தூக்கிப் போடுகிறார்கள்: “மண்டபம் வேண்டாம்ப்பா. கடற்கரையில, நெருங்கின சொந்தம் மட்டும் வந்தா போதும்.” கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து வீடுகளிலும் இந்தப் பேச்சு வரத் தொடங்கிவிட்டது. அப்பா முகத்தில் முதலில் எழும் கேள்வி செலவு பற்றியதல்ல. “அது செல்லுமா?” என்பதுதான். டீ ஆறுவதற்குள் அதைச் சொல்லிவிடலாம்.

செல்லும். தமிழ்நாட்டில் தாராளமாகவே செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தம் அது. சொந்தக்காரர்களோ நண்பர்களோ வேறு யாராவதோ பார்த்திருக்க, இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் “இவரை என் கணவராக, இவளை என் மனைவியாக ஏற்கிறேன்” என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். புரோகிதர் கட்டாயமில்லை, அக்கினி கட்டாயமில்லை. மண்டபம் என்ற பேச்சே அதில் கிடையாது. சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் கடைசியிலிருந்தே நடந்துவந்தன. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் இந்தப் பிரிவு. முன்பு நடந்த திருமணங்களையும் சேர்த்தே செல்லும் என்றாக்கியது. ஊரறிய நடத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 7ஏ இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்குத்தான். பையன் ஒரு மதம், பெண் ஒரு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் முன்னறிவிப்பு, மூன்று சாட்சிகள். பலருக்குத் தெரியாத சங்கதி: திருமண அலுவலர் தன் அலுவலகத்தில்தான் நடத்த வேண்டும் என்றில்லை. கூடுதல் கட்டணம் கட்டினால், நியாயமான தூரத்துக்குள் நீங்கள் கேட்கும் வேறு இடத்திலும் நடத்தலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கத்தோலிக்கர்கள் பங்குச் சாமியாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கோயிலுக்கு வெளியே வைக்க ஆயரின் அனுமதி வேண்டும்.

சட்டம் முடிந்தது. இனி பாட்டி.

பாட்டியின் தடையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெல்டாக்காரர்களுக்குக் கடற்கரை என்றால் பூம்புகாரிலும் கோடியக்கரையிலும் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முழுகுவது, அஸ்தி கரைப்பது. கல்யாணப் பேச்சில் அந்த இடத்தின் பெயர் வந்தாலே மனசு சுணங்கும். இலக்கியம் படித்த தாத்தா இருந்தால் இன்னொரு கட்டையையும் போடுவார். நெய்தல் என்பது இரங்கலுக்கு உரிய திணை. கோவலனும் மாதவியும் மனம் கசந்து பிரிந்தது புகார்க் கடற்கரையில், கானல் வரி பாடியபோது. அவர் சொல்வது சரிதான்.

ஆனால் தாத்தாவுக்குத் திருப்பிச் சொல்லவும் பழம்பாட்டில் இடமிருக்கிறது. அகநானூற்றின் 86-ஆம் பாட்டு, நல்லாவூர் கிழார் பாடியது, ஒரு கல்யாணத்தை அப்படியே கண்முன் வைக்கிறது. பெரிய பந்தல், அதன் கீழே கொண்டுவந்து பரப்பிய மணல், விளக்கு, மாலை, உளுந்து சேர்த்துக் குழைய ஆக்கிய சாப்பாடு. இருள் விலகும் காலையில், பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி மணமகளை நீராட்டுகிறார்கள். அவள் கூந்தலில் பூவிதழும் நெல்லும் ஒட்டிக்கிடக்கின்றன. ஓதுகிறவர் யாரும் இல்லை, தீவலம் இல்லை. மணலும் விடியலும் நெல்லும் சொந்தமும் கூடின கல்யாணம், அவ்வளவுதான். பிள்ளைகள் கேட்பதும் ஏறக்குறைய இதையேதான். பாட்டியின் மனசுக்காக ஒன்று செய்யலாம்: அமாவாசையை ஒட்டின நாளைத் தவிருங்கள், நீராடும் துறையிலிருந்து தள்ளி இடம் பாருங்கள்.

எந்தக் கடற்கரை என்பது அடுத்த கேள்வி. தஞ்சாவூர் மாவட்டத்துக்கே சொந்தமாகக் கடல் உண்டு. மல்லிப்பட்டினம் பக்கம், சரபோஜி மன்னர் நெப்போலியனின் தோல்விக்காக எழுப்பிய மனோரா நிற்கிற கரை. ஆனால் அது பாக் விரிகுடா. ஆழம் குறைவு, அலை குறைவு, சேறு அதிகம். கடற்புல் படர்ந்து கிடப்பதால்தான் அங்கே கடற்பசு மேய்கிறது. 2022-இல் அந்தக் கடலைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். பார்க்க அழகு. பட்டுப்புடவையோடு இறங்கி நடக்க லாயக்கில்லை. மணலும் அலையும் வேண்டும் என்றால் கோடியக்கரை முனையைத் தாண்டி வடக்கே வர வேண்டும்: வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார்.

என்னைக் கேட்டால் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், கடல் முன்பக்கத்தைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், எல்லாம் நடந்தே பார்க்கிற தூரம். வந்த விருந்தாளிகளுக்குப் பொழுது போகும். கோயிலைப் பார்த்தாலே இன்னொன்றும் விளங்கும்: இந்தக் கடல் கரையை அரிக்கிற கடல். சரிவும் திடீரென்று இறங்கும். போட்டோவுக்காக அலைக்குள் இறங்கச் சொல்கிற கேமராக்காரரைக் கொஞ்சம் அதட்டி வையுங்கள்.

நேரத்தைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. சினிமாவில் பார்க்கிற கடற்கரைக் கல்யாணம் சூரியன் கடலில் விழும் சாயங்காலத்தில் நடக்கும். நம் சூரியன் கடலில் உதிக்கிறது. மறைவது முதுகுப் பக்கம் தென்னந்தோப்பில். மேலும், வெயில் ஏற ஏறத் தரை சுட்டு, மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே பாயும். மதியத்துக்கு மேல் அது பலமாகிவிடும். குத்துவிளக்கு நிற்காது, வாழையிலை பறக்கும், சாமியானா படபடக்கும், அட்சதை பெண் மாப்பிள்ளை தலையில் விழாமல் வீடியோக்காரர் கண்ணில் விழும். விடிந்த கையோடு காற்று அடங்கியிருக்கும். நம் ஆட்கள் ஆறரைக்கு முகூர்த்தம் வைப்பது இங்கே ரொம்பப் பொருந்துகிறது.

மாதம்? ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் உண்டு, புயலும் உண்டு. கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது 2018 நவம்பர் 16, அதாவது ஐப்பசிக் கடைசி. தை, மாசி நல்லது. சம்பா அறுவடை முடிந்து கையில் காசும் இருக்கும். ஆனால் பங்குனி வரைக்கும் ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடுகிற காலம். விளக்கு வெளிச்சம் அவற்றையும் குஞ்சுகளையும் திசை மாற்றிவிடும். ராத்திரி வரவேற்பு, லேசர் லைட், டிஜே எல்லாவற்றையும் ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு, பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. நமக்குச் சும்மா கிடப்பதாகத் தெரிகிற கரை, மீனவர்களுக்குக் களத்துமேடு. அங்கேதான் படகு ஏற்றுகிறார்கள், வலை காயப் போடுகிறார்கள், கருவாடு உலர்த்துகிறார்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி ஆயிரக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போனதும் இந்தக் கரையில்தான். அந்தத் தேதியில் அங்கே கொட்டு மேளம் கொட்டக் கூடாது என்று யாரும் எழுதி வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மீனவக் கிராமத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பெண் வீட்டாரும் பையன் வீட்டாரும் சேர்ந்து போய் நாட்டாரிடம் கேளுங்கள். எந்த இடத்தில் வலை இழுக்க மாட்டார்கள், என்றைக்கு ஊர்த் திருவிழா, எப்போது தண்ணீர் ஏறும் என்று அவர்கள் சொல்வது எந்த ஈவென்ட் மேனேஜருக்கும் தெரியாது. முதல் பத்திரிகையும் அவர்களுக்குத்தான் வைக்க வேண்டும். இதற்கு மேல், பந்தல் போடுமுன் ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கேட்டுவிடுங்கள். கடலோரம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருவது. கான்கிரீட் மேடை எல்லாம் கனவிலும் வேண்டாம்.

புடவைக்குத் திருபுவனம் பட்டு எடுப்பீர்கள். எடுங்கள், ஆனால் ஜரிகையில் இருக்கும் வெள்ளிக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, கறுத்துவிடும். கரைக்குப் பருத்தியும் பட்டும் கலந்த கூறைப்புடவை சரியாக இருக்கும். மயிலாடுதுறை கூறைநாட்டில் நெய்து பேர்பெற்றது. தரங்கம்பாடிக்குப் போகிற வழிதான். மேளத்தை மட்டும் குறைக்காதீர்கள். நாகஸ்வரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாகஸ்வரத்துக்கு அலைச் சத்தம் ஒரு பொருட்டில்லை, மைக்கும் வேண்டாம். சாப்பாட்டைக் கரையில் போடுவது வீண் பிடிவாதம். இலையில் மணல் விழுந்த பிறகு சாம்பாரை யார் பாராட்டுவார்கள்? தாலி கட்டியதும் வேனில் ஏறி ஊருக்கு வந்து, வீட்டு வாசல் பந்தலில் பந்தி போடுங்கள். அழைக்காமல் விட்ட பங்காளிகளையும் அந்தப் பந்தியில் உட்காரவைத்துவிடலாம். இல்லாவிட்டால் அவர்கள் பேச்சு பேரன் பிறந்த பிறகும் ஓயாது.

2022 ஜூன் 9 அன்று நயன்தாரா, விக்னேஷ் சிவன் திருமணம் மாமல்லபுரம் கடற்கரை விடுதியில் நடந்த படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் இந்த ஆசைக்கு வருகிறார்கள். அது வேறு கணக்கு. மண்டபத்தை விட்டு ரிசார்ட்டைப் பிடித்தால் செலவு இடம் மாறுமே தவிரக் குறையாது. மணல், மாலை, மேளம், நெருங்கின சொந்தம் என்று நிறுத்திக்கொண்டால்தான் பிள்ளைகள் கேட்ட அந்த இலகு கிடைக்கும்.

கடைசியாக, கழுத்து மாலையைக் கடலில் எறிந்துவிடாதீர்கள். ஆடிப்பெருக்கன்று காவிரியில் விட அது வேண்டும். அதற்கு முன்னால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வந்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் முடிந்த 90 நாளுக்குள் பதிய வேண்டும். பத்திரிகையில் இடமும் நாளும் தெளிவாக அச்சாகியிருக்கட்டும். காட்ட மண்டப ரசீது இருக்காதே. மே 5-இல் தாலி கட்டினால் 90-ஆவது நாள் ஆகஸ்ட் 3, ஏறக்குறைய ஆடிப் பதினெட்டு.