எழுத்துருக் குறையும் சங்கத்தின் ஏடுகளும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் ஏடுகளில் இருக்கிறது. எந்த அங்கத்தினர் எத்தனை பங்குகள் செலுத்தியிருக்கிறார், எவ்வளவு நூல் பெற்றுக்கொண்டு எத்தனை சேலைகள் நெய்து கொடுத்தார், எந்த விவசாயி எத்தனை மூட்டை உரம் கடனாக வாங்கினார் என்பன யாவும் எழுத்தில் நின்றால்தான் சங்கமும் நிற்கும். முன்னாளில் இவ்வேடுகளுக்குக் கரையானும் மழை ஈரமுமே பகைவர்கள். இன்று பெரும்பாலான சங்கங்களின் அலுவல்கள் கணினிக்கு வந்துவிட்டன. கரையான் பயம் நீங்கியது. ஆனால் புதியதொரு தொல்லை வந்து சேர்ந்திருக்கிறது. கோப்பு பத்திரமாக இருக்கிறது, திறந்தால் திறக்கிறது, ஆயினும் உள்ளே இருப்பதை ஒருவராலும் படிக்க முடியவில்லை!

சங்கத்திற்குப் புதுக் கணினி வாங்கிய மறுநாள் இத்தொல்லை தலைகாட்டுவது வழக்கம். பேரவைக் கூட்டத்தின் பொருள்நிரலை அச்சகத்திற்கு அனுப்பினால், அங்கே அது தமிழாக இராமல் வேறு ஏதோ ஒன்றாகத் தோன்றும். பத்தாண்டுகளுக்கு முந்திய தீர்மானத்தைத் தேடி எடுத்தால், அது ஆங்கில எழுத்துகளின் குவியலாக இருக்கும். ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று குமாஸ்தா சொல்லுவார், காரியதரிசியும் நம்பிவிடுவார். சில இடங்களில் கோப்பையே அழித்துவிடுவதும் உண்டு. பெரும்பாலும் கோப்பு கெடவில்லை. எழுத்துரு இல்லாததே குறை. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அங்கத்தினர் யாவரும் அறிந்துகொள்வது அவசியம்.

கோப்புக்குள் இருப்பது என்ன?

கணினிக் கோப்பில் எழுத்துகளின் வடிவங்கள் சாதாரணமாக இருப்பதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்கள் இருக்கின்றன. ‘இன்ன எழுத்துருவைக் கொண்டு காட்டுக’ என்ற குறிப்பும் இருக்கிறது. எழுத்துரு என்பது கணினியில் தனியே வைக்கப்பட்டிருக்கும் வேறொரு கோப்பு. எண்ணைப் பார்த்து வடிவத்தை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை.

நெசவாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டியில் ஏறும் அட்டைகளில் துளைகள் மட்டுமே உண்டு. மயிலோ மாங்காயோ அந்த அட்டையில் இல்லை. அட்டை தறியில் ஏறி, துளைக்கு ஏற்பப் பாவு இழைகள் தூக்கப்பட்டு, ஊடை ஓடிய பின்னரே மயில் தோன்றுகிறது. கோப்பு அட்டையைப் போன்றது. எழுத்துரு தறியைப் போன்றது. அட்டையை மட்டும் அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு, அங்குள்ள தறியில் மயில் வரவில்லையே என்று அட்டையைக் கிழிப்பது பேதைமை அன்றோ?

தமிழில் மட்டும் இத்தொல்லை ஏன் மிகுதி?

‘தமிழ்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். உலகப் பொதுமுறையாகிய யூனிகோடில் இச்சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்களாகச் சேமிக்கப்படுகிறது. பலரும் பழகிய ‘பாமினி’ எழுத்துருவிலோ இதே சொல் 106, 107, 112, 111, 59 என்னும் எண்களாக இருக்கும். இவ்வெண்கள் உண்மையில் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிற்றெழுத்துகளுக்கும் ஓர் அரைப்புள்ளிக்கும் உரியவை. பாமினி அந்த ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறது. பாமினி உள்ள கணினியில் அது ‘தமிழ்’ என்று தோன்றும்; இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகளே வெளிப்படும்.

கணினியில் தமிழ் புகுந்த காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய வரிசையில் எண்களை வழங்கினார்கள். இக்குழப்பத்தை நீக்கும் பொருட்டு 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி, டாப், டாம் என்னும் இரு குறியேற்ற முறைகளும் ‘தமிழ் 99’ விசைப்பலகையும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. யூனிகோடில் 1991-ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. 2010-ஆம் ஆண்டில் தமிழக அரசு யூனிகோடைத் தர முறையாக ஏற்றது. எனினும் அதற்கு முன்னரும், பழக்கம் காரணமாக அதற்குப் பின்னரும், சங்கங்களில் தட்டச்சான கோப்புகள் பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன. இன்று நம் ஏடுகளுக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது.

நோய்க்குறிகள் நான்கு

மருந்து கொடுப்பதற்கு முன் நோயை அறிதல் வேண்டும். கோப்பைத் திறந்தவுடன் திரையில் என்ன தோன்றுகிறது என்பதைக் கவனித்தால் நோய் விளங்கிவிடும்.

முதலாவது, தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, ஆனால் எழுத்தின் அழகு மாறி, வரிகள் இடம் பெயர்ந்து, ஒரு பக்கக் கடிதம் இரண்டு பக்கமாகிவிடுகிறது. இது இலேசான நோய். கோப்பு கேட்ட எழுத்துரு கணினியில் இல்லாமையால், கணினி தானே வேறொரு தமிழ் எழுத்துருவை மாற்றாக வைத்திருக்கிறது. எழுத்துகளின் அகலம் வேறுபடுவதால் வரி உடைகிறது.

இரண்டாவது, எழுத்துகளுக்குப் பதிலாகச் சிறுசிறு கட்டங்கள் வரிசையாகத் தெரிகின்றன. எண்கள் சரியாகவே இருக்கின்றன. அவற்றுக்கு உரிய தமிழ் வடிவங்களைக் கொண்ட எழுத்துரு கிடைக்கவில்லை என்பதே பொருள்.

மூன்றாவது, ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்து தோன்றுகின்றன. அல்லது தலைமேல் கோடும் புள்ளியும் ஏந்திய ஐரோப்பிய எழுத்துகள் தோன்றுகின்றன. இது பழைய குறியேற்றக் கோப்பு. முன்னது பாமினி வகையாக இருக்கலாம். பின்னது டாப், திஸ்கி போன்ற வகையாக இருக்கலாம்.

நான்காவது, வரி முழுவதும் கேள்விக்குறிகளாகவே இருக்கின்றன. இதுவே கொடிய நோய். யூனிகோடுத் தமிழை, அதற்கு இடமில்லாத பழைய முறையில் யாரோ சேமித்துவிட்டார்கள். எண்களே அழிந்து, ஒவ்வோர் எழுத்தின் இடத்திலும் மெய்யாகவே கேள்விக்குறி பதிந்துவிட்டது. எந்த எழுத்துருவாலும் இதனை மீட்க இயலாது. வேறு படி இருந்தால்தான் பிழைக்கலாம்.

பரிகாரங்கள்

முதலில் கோப்பு எந்த எழுத்துருவைக் கேட்கிறது என்று காண வேண்டும். குழம்பிய வரியின் மேல் சுட்டியை வைத்து அழுத்தினால், மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரியும். இங்கே ஒரு மயக்கத்திற்கு இடமுண்டு. மைக்ரோசாப்ட் வேர்டு செயலி, எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயரை அப்பெட்டியில் காட்டும். ஆகவே ‘பெயர் தெரிகிறது, ஆகையால் எழுத்துரு இருக்கிறது’ என்று முடிவு செய்தல் தவறு. ‘பைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று வரிசையாகச் சென்று, அங்குள்ள ‘பாண்ட் சப்ஸ்டிடியூஷன்’ என்ற பொத்தானை அழுத்தினால், எந்த எழுத்துரு இல்லை, அதற்கு மாற்றாக எது வைக்கப்பட்டுள்ளது என்ற விவரம் கிடைக்கும். லிப்ரே ஆபீஸ் என்னும் இலவசச் செயலியில், இல்லாத எழுத்துருவின் பெயர் சாய்ந்த எழுத்தில் காட்டப்படும்.

பெயர் தெரிந்த பின், அந்த எழுத்துருக் கோப்பைப் பெற்று, அதன்மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, ‘இன்ஸ்டால்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கணினியைப் பலர் தனித்தனிப் பெயரில் பயன்படுத்தும் அலுவலகமானால், எல்லாருக்கும் பொதுவாக நிறுவும்படி கட்டளையிடுதல் நலம். பிறகு வேர்டை மூடித் திறந்தால் தமிழ் தோன்றும்.

‘லதா’ எழுத்துருவைத் தேடி அலைவோர் பலர். விண்டோஸ் 2000 முதல் பல்லாண்டுகள் உடன் வந்த அவ்வெழுத்துரு, விண்டோஸ் 10 முதல் விருப்ப வசதியாக ஒதுக்கப்பட்டது. ‘விஜயா’ எழுத்துருவும் அவ்வாறே. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆப்ஷனல் பீச்சர்ஸ்’ என்பதைத் திறந்து, ‘தமிழ் சப்ளிமெண்டல் பாண்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்து சேரும். காசு கொடுக்க வேண்டுவதில்லை. இணைய இணைப்பு மட்டும் வேண்டும்.

கட்டங்கள் தோன்றும் கணினிக்கு ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற கட்டற்ற உரிமமுடைய யூனிகோடு எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதுமானது. சங்கங்கள் இத்தகைய எழுத்துருக்களை அச்சமின்றிப் படியெடுத்து வழங்கலாம். விலைக்கு வாங்கிய எழுத்துருவானால் உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தே பிறருக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் வகை நோய்க்குப் பழைய எழுத்துருவை நிறுவுவது தற்காலிகச் சாந்தியே. கோப்பினுள் இருப்பவை ஆங்கில எண்களாகையால், பெயரைத் தேடினால் அகப்படாது. அங்கத்தினர் பட்டியலை அகர வரிசையில் அடுக்கவும் இயலாது. லதாவையோ நோட்டோவையோ தேர்ந்தெடுத்தாலும் ஆங்கில எழுத்துகளே தோன்றும். குறியேற்ற மாற்றி என்னும் செயலியைக் கொண்டு யூனிகோடாக மாற்றுவதே நிலையான பரிகாரம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் இவ்வகையில் பலர் அறிந்த ஒன்று. இம்மாற்றத்திற்குப் பழைய எழுத்துரு கையில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதன் பெயரும் குறியேற்றமும் தெரிந்தால் போதும்.

செய்யத் தகாதவை

குழம்பிய கோப்பைக் குழம்பிய நிலையிலேயே திருத்திச் சேமித்தல் கூடாது. முதலில் ஒரு படி எடுத்து வைத்துவிட்டு, அப்படியிலேயே சோதனை செய்ய வேண்டும். பழைய எழுத்துருக் கோப்பின் நடுவே யூனிகோடு விசைப்பலகையால் நான்கு சொற்களைச் சேர்த்தால், ஒரே கோப்பில் இரு முறைகள் கலந்து, பின்னால் மாற்றுவோர் திண்டாடுவர்.

வேர்டு தானாகச் செய்யும் திருத்தங்களும் இங்கே பகையாகும். ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்குவது அச்செயலியின் வழக்கம். பாமினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துக் ‘கே’ என்பது ‘ம’ ஆகும். பேரெழுத்துக் ‘கே’யோ ‘மு’ ஆகும். செயலி நன்மை செய்வதாக எண்ணி முதலெழுத்தைப் பெரிதாக்கினால், ‘மணி’ என்பவர் ‘முணி’ ஆகிவிடுவார்! பழைய கோப்பைத் திறக்கும் முன் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுதல் வேண்டும்.

யூனிகோடாக மாற்றிய பின்னரும் சரிபார்த்தல் இன்றியமையாதது. கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழென்று கருதி மாற்றிவிடக்கூடும். கூலி வரவு வைக்கும் பட்டியலில் உள்ள ஐ.எப்.எஸ். குறியீட்டின் எழுத்துகள் இவ்வாறு உருமாறினால், நெசவாளரின் கூலி தடைப்படும். எனவே ஒருவர் மூல ஏட்டை வாசிக்க, மற்றொருவர் திரையைப் பார்த்து ஒப்பிட வேண்டும். பெயர், தந்தை பெயர், உறுப்பினர் எண், வங்கிக் கணக்கு, குறியீடு ஆகிய ஐந்தையும் ஒன்று விடாமல் பார்த்தல் நன்று. பங்குப் பேரேட்டில் ஒரு பெயர் திரிந்தால், நாளை அப்பங்குக்கு உரியவர் யார் என்று வாரிசுகள் வழக்காட நேரும்.

முன்னெச்சரிக்கை

பிறருக்கு அனுப்பும் அறிவிப்பு, பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் மட்டுமானால், அதனைப் பி.டி.எப். வடிவில் அனுப்புவது சிறந்தது. எழுத்துரு அதனுள்ளேயே பதிந்து செல்லும். பெறுவோர் திருத்த வேண்டிய கோப்பானால், வேர்டில் ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியின் ‘சேவ்’ என்ற பிரிவில், எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் வசதி உண்டு. எழுத்துருவின் உரிமம் இடங்கொடுக்குமாயின் அது உடன் செல்லும். ஆயினும் பி.டி.எப். ஆக்கியதால் பழைய குறியேற்றம் மாறிவிடாது. கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு ஆங்கிலமாகவுமே அது இருந்துவரும்.

பழைய கணினியை ஏலம் விடும் முன்னர், அதில் உள்ள எழுத்துருக்களின் பெயர்களைப் பட்டியலாக எழுதிக்கொண்டு, உரிமம் அனுமதிக்கும் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு காரியத்தை மறந்த காரணத்தால் பின்னால் ஊகித்துத் தேடும் வேலை நேரிடுகிறது. நெல் விதையை மூட்டையில் கட்டும் விவசாயி, இரகத்தின் பெயரை எழுதாமல் கட்டுவாரா?

சங்கங்களுக்கு நாம் கூறும் யோசனை இது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே மூன்று முடிவுகள் செய்யலாம். இனிமேல் சங்கத்தின் கோப்புகள் யாவும் யூனிகோடிலேயே தட்டச்சாகும் என்பது ஒன்று. பழைய கோப்புகளில் உறுப்பினர் பதிவேடு, பங்குப் பேரேடு, துணைவிதிகள், தீர்மானப் புத்தகம் என்ற வரிசையில் மாற்றுவேலை தொடங்கும் என்பது இரண்டு. மாற்றிய பின்னும் மூலக் கோப்பை அழிக்காமல் தனியே காத்து வைப்பது என்பது மூன்று. சிறிய சங்கங்கள் நாலைந்து சேர்ந்து, தட்டச்சு அறிந்த ஓர் இளைஞரைக் கொண்டு இவ்வேலையை முடித்துக்கொள்ளலாம். தனித்தனியே செய்ய இயலாததைக் கூடிச் செய்வதற்காகத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்.

அங்கத்தினர்களுக்கும் இதில் கடமை உண்டு. அடுத்த பேரவைக் கூட்டத்திற்குச் செல்லும்போது, தம் பெயர் கணினியில் எவ்வாறு பதிவாகியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். பழைய எழுத்துருவை அறிந்த குமாஸ்தாக்கள் இன்னும் சிலர் பணியில் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெறுமுன் இவ்வேலையை முடித்துவிட்டால், நம் பிள்ளைகள் காலத்திலும் சங்கத்தின் ஏடுகள் தமிழாகவே படிக்கப்படும்.