மதிலுக்குள் செவிலியர்

நுழையும்முன்

சிறைவாயிலில் கைப்பொருள்களை ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்பவர், தம் நோயை ஒப்படைத்துவிட்டுச் செல்ல முடிவதில்லை. மதிலுக்குள்ளும் காய்ச்சல் உண்டு, இருமல் உண்டு, உறக்கமற்ற இரவுகள் உண்டு. அங்கே மருந்தளிக்கும் செவிலியரின் பணியையும், அப்பணிக்குரிய கல்வியைப் பெறத் துணைநிற்கும் கடன் வசதிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

சிறையும் நோயும்

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1908-ஆம் ஆண்டு வ.உ. சிதம்பரனாருடன் கைது செய்யப்பட்டுத் தண்டனை பெற்றார். திருச்சி, சேலம் சிறைகளில் அவர் அடைக்கப்பட்டிருந்தார். 1912-இல் விடுதலை பெற்றபோது தொழுநோய் அவரைப் பற்றியிருந்தது. தண்டனை முடிந்தது, நோய் முடியவில்லை. தொடர்வண்டியில் செல்லத் தடை விதிக்கப்பட்டதால் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்று நாட்டுப்பணி ஆற்றிய அவர், 1925 ஜூலை 23-இல், அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் மறைந்தார்.

அக்காலத்தில் தொழுநோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சை 6 முதல் 12 மாதங்களில் அந்நோயைக் குணப்படுத்துகிறது. ஆயினும், தோலில் தோன்றும் உணர்ச்சியற்ற தேமலைக் காலத்தே கண்டறிய ஒருவர் வேண்டும். மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும் மனிதரின் தேவை குறையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

உரிமையின் அடிப்படை

குற்றம் செய்தவருக்கு மருத்துவம் எதற்கு என்று வினவுவோர் உண்டு. நீதிமன்றம் விதிப்பது சிறைவாசம் மட்டுமே. நோயையும் அது தண்டனையாக விதிப்பதில்லை. மேலும், சிறையில் இருப்போருள் பெரும்பாலோர் விசாரணை முடியாத சிறைவாசிகள். அவர்கள் குற்றவாளிகள் என இன்னும் தீர்ப்பளிக்கப்படவில்லை. வெளியே இருப்பவர் தாம் விரும்பிய மருத்துவரை நாடலாம். சிறைவாசிக்கு அவ்வழி அடைபட்டிருப்பதால் அவரது உடல்நலம் அரசின் பொறுப்பாகிறது.

ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ நோயாளிகளுக்குத் தகுந்த இடமோ இருத்தல் வேண்டும் என்று 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் கூறுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழங்கும் உயிர்வாழும் உரிமை சிறைவாசிக்கும் உரியது. சமுதாயத்தில் கிடைக்கும் அதே தரத்திலான மருத்துவம் சிறைவாசிகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என, 2015-இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் வலியுறுத்துகின்றன. அவ்விதிகளுக்குப் பெயர் தந்த மண்டேலாவும் சிறையிலிருந்தபோது, 1988-இல், காசநோய்க்கு ஆளானவரே.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தில் சிறைச் சீர்திருத்தத்திற்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃபிரை, 1813-இல் இலண்டன் நியூகேட் சிறைக்குச் சென்று பெண் கைதிகளின் அவலத்தை நேரில் கண்டார். அவரே 1840-இல் செவிலியருக்குப் பயிற்சியளிக்கும் அமைப்பு ஒன்றையும் நிறுவினார்.

பணியின் இயல்பு

சேலம் மத்தியச் சிறை, சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர் பலரும் அறிந்த இடம். இத்தகைய சிறைக்கு ஒருவர் புதிதாக வரும்போது உடற்பரிசோதனை செய்யப்படுகிறது. உடலில் உள்ள காயங்கள், முன்பே உட்கொண்டுவரும் மருந்துகள், தொற்றுநோய் அறிகுறிகள் முதலியவற்றைப் பதிவு செய்வதில் மருத்துவருக்குச் செவிலியர் துணைநிற்கிறார். முதல் சில நாள்கள் மிகவும் கவனத்திற்குரியவை. மதுப்பழக்கம் திடீரென நின்றவருக்கு நடுக்கமும் மனக்குழப்பமும் ஏற்படலாம். அவமானத்தால் மனமுடைந்தவர் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணலாம். பேச்சின் தளர்வையும் உணவு மறுப்பையும் கண்டு உடனே மருத்துவருக்குத் தெரிவிப்பது ஓர் உயிரைக் காக்கும் செயலாகும்.

நெருக்கமான அறைகளில் காசநோய் எளிதில் பரவும். அதற்குரிய மருந்தைப் பொதுவாக ஆறு மாதங்கள் தவறாது உட்கொள்ள வேண்டும். இடையில் விடுதலையாகும் ஒருவரை அவரது ஊரின் ஆரம்பச் சுகாதார நிலையத்துடன் இணைத்துவிடாவிட்டால் சிகிச்சை பாதியில் நின்றுவிடும். நோய் அவரது வீட்டாரையும் தொற்றும். எனவே, சிறைக்குள் அளிக்கப்படும் மருந்து சிறைக்கு வெளியே உள்ளோரையும் காக்கிறது.

இப்பணியில் இடர்ப்பாடுகளும் உண்டு. கத்தரிக்கோலும் ஊசியும் எண்ணி எடுத்து எண்ணி வைக்கப்பட வேண்டும். நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பக் காவலர் துணை வரும்வரை காத்திருக்க நேரிடும். நோயாளி தம் நோயைப் பற்றிக் கூறியதை மறைவாகக் காக்க வேண்டும்; பாதுகாப்பு நடைமுறைகளையும் மீறக்கூடாது. நோயாளியின் குற்றம் எதுவாயினும் மருந்தின் அளவு மாறுவதில்லை என்ற உறுதியே இங்குச் செவிலியருக்குரிய முதல் தகுதி.

கல்வியும் கடனும்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவர்கள் நான்கு ஆண்டு இளம் அறிவியல் செவிலியர் பட்டப்படிப்பில் சேரலாம். மூன்று ஆண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பும் உண்டு. படிப்பு முடித்தபின் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தல் வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குரிய செவிலியரை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது.

பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவரின் மகளுக்கோ, ஆத்தூர்ப் பகுதியில் மரவள்ளி பயிரிடுபவரின் மகனுக்கோ கல்லூரிக் கட்டணம் பெருஞ்சுமையாகலாம். வங்கிகள் 4 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனைச் சொத்துப் பிணையின்றி வழங்குகின்றன. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்தத் தேவையில்லை. ஆனால், அக்காலத்திலும் வட்டி ஏறும் என்பதை மறத்தல் கூடாது. ஆண்டுக்கு ஓர் இலட்சமாக நான்கு ஆண்டுகள் கடன் பெறுவதாகவும், வட்டி 10 விழுக்காடு எனவும் கொள்வோம். தனிவட்டிக் கணக்கில் ஐந்தாம் ஆண்டின் இறுதியில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் ஆகிவிடும்.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத, தகுதியுள்ள நிறுவனங்களில் பயிலும் மாணவர்களுக்கு இந்த இடைக்கால வட்டியை ஏற்கும் மானியத் திட்டத்தை நடுவண் அரசு 2009-இல் தொடங்கியது. அசலை மாணவரே செலுத்த வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குப் புதுமைப்பெண் திட்டத்தின்கீழ் மாதந்தோறும் 1,000 ரூபாய் கிடைக்கிறது. சேரும் முன்பே கல்லூரியின் அங்கீகாரத்தையும் மானியத் தகுதியையும் உறுதி செய்துகொள்வது அறிவுடைமை.

அமெரிக்காவில் செவிலியர் பற்றாக்குறை உள்ள இடங்களில் ஈராண்டு பணியாற்றுவோரின் நிலுவைக் கல்விக்கடனில் 60 விழுக்காட்டை அரசு செலுத்தும் திட்டம் உள்ளது. கேரள அரசும் 2017-இல் கல்விக்கடனைத் திருப்பிச் செலுத்த உதவும் திட்டமொன்றைக் கொண்டுவந்தது. பலரும் தயங்கும் சிறைப்பணிக்கு முன்வரும் செவிலியருக்கு இத்தகைய உதவி கிடைத்தால், கடன்சுமையும் குறையும். ஆள் பற்றாக்குறையும் நீங்கும். இது சிந்திக்கத்தக்கது.

சுப்பிரமணிய சிவாவின் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, குணப்படுத்த அன்று வழியில்லை. இன்று வழி உண்டு. அவ்வழியே மருந்துடன் மதிலுக்குள் நடந்து செல்பவரே செவிலியர்.