குளிர் தேங்கும் பள்ளம்

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மார்கழி இரவைக் கழிக்க ஒரு போர்வை போதும். அதே போர்வையோடு நீலகிரிக்குப் போய், வரையாடுகளுக்காக 1990இல் அறிவிக்கப்பட்ட முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் பக்கமாக டென்ட் அடித்துப் படுத்தால் (வனத்துறை அனுமதித்த இடத்தில்தான்!) விடியற்காலையில் பல் தந்தியடிக்கும்.

உயரம்தானே காரணம்? பாதிதான். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஏரிக்கரையில் 21 டிகிரி என்றால் 2,400 மீட்டரில் ஐந்தாறு டிகிரி இருக்க வேண்டும். ஆனால் காலையில் புல்மேல் உப்புத் தூவியதுபோல உறைபனி கிடக்கிறதே, மிச்ச டிகிரி எங்கே போனது?

வானத்துக்குப் போனது. தரை இரவெல்லாம் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். ஏரிப்பக்கத்து ஈரக்காற்று அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, கொஞ்சத்தைத் தரைக்கே திருப்பி அனுப்பும். போதாததற்கு, நிறைந்தால் 3,645 மில்லியன் கன அடி பிடிக்கும் அந்த ஏரி பகல் வெயிலைச் சேமித்து, இரவில் நிதானமாகச் செலவழிக்கும். மலைமேல் காற்று மெலிந்தது, வறண்டது. மேகமும் காற்றோட்டமும் இல்லாத இரவில் புல்நுனி, நம் தோளுயரத்துக் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்துபோகும்.

புல்லைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனக்கும். கனத்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் காந்தல், தலைகுந்தா போன்ற இடங்களில் உறைபனி வெளுத்து வாங்குவது இதனால்தான். ஓடையோரம் ஒதுக்குப்புறமாக, காற்றடிக்காத பள்ளம் பார்த்து டென்ட் அடிப்பவர், பாவம், இருப்பதிலேயே குளிரான இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார். சரிவில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் இரவு இவ்வளவு கடித்திருக்காது.

இதே கணக்கு சோலைக்காட்டிலும் ஓடுகிறது. மரக்கூரை தரையின் வெப்பத்தை வானத்துக்கு விடாமல் தடுப்பதால், சோலைக்குள் உறைபனி அரிது. வெட்டவெளிப் புல்லில் முளைக்கும் மரக்கன்றோ உறைபனியில் கருகிவிடும். சோலையும் புல்வெளியும் கோடு கிழித்ததுபோல் பிரிந்து நிற்பதற்குத் தீயும் மேய்ச்சலும்கூடக் காரணம் என்கிறார்கள். உறைபனியின் பங்கை ஒதுக்கிவிட முடியாது.

ஊட்டி தாவரவியல் பூங்காத் தோட்டக்காரர்கள் பனிக்காலத்தில் நாற்றுகளின் தலைக்குமேல் மிலார் செடிகளைப் பரப்பிவைப்பார்கள். இலைக்கூரைதான், ஆனால் நாற்றுக்கு அதற்குமேல் வானம் தெரியாது.