மாணவர் உருவாக்கும் நோயாளி வரலாறு

மாணவர் உருவாக்கும் நோயாளி வரலாறு என்பது மருத்துவ மாணவர்கள் தாங்களே ஒரு கற்பனை நோயாளியைப் படைத்து, அவருடைய தொல்லைகள், தொழில், குடும்பச் சூழல், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை எழுதி, சக மாணவர்களை நோயறியச் செய்யும் கற்றல் முறை ஆகும். மருத்துவமனைகளில் 'கேஸ்' என்று வழங்கப்படுவதே இங்கு நோயாளி வரலாறு எனப்படுகிறது.

பின்னணி

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, சிறு குழுக்களாக அமர்ந்து ஒரு நோயாளியின் சிக்கலிலிருந்து பாடத்தைக் கற்கும் முறையைக் கொண்டுவந்தது. அதில் சிக்கலை எழுதித் தருபவர் ஆசிரியர். மாணவர் உருவாக்கும் முறையில் அப்பொறுப்பு மாணவருடையது.

இந்தியாவில் 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மாணவர் தாமே கற்பதற்கும், முதலாம் ஆண்டிலிருந்தே நோயாளிகளைச் சந்திப்பதற்கும் நேரம் ஒதுக்கியது. பின்னர் சேர்க்கப்பட்ட குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின்படி மாணவர்கள் சில குடும்பங்களைத் தொடர்ந்து சென்று பார்க்கின்றனர். நோயாளி வரலாறு எழுதுவதற்கு இவை நல்ல அடித்தளம்.

செய்முறை

1. குழு ஒரு நோயைத் தேர்ந்தெடுக்கிறது.
2. அதே அறிகுறிகளைத் தரக்கூடிய வேறு நோய்களைப் பட்டியலிடுகிறது.
3. ஒவ்வொன்றுக்கும் சார்பாகவும் எதிராகவும் உள்ள தடயங்களை வரலாற்றில் வைக்கிறது.
4. கேட்டால் மட்டுமே நோயாளி சொல்லும் செய்திகளைத் தனியே குறித்துக்கொள்கிறது.
5. ஆசிரியர் சரிபார்த்தபின் மற்றொரு குழு அதற்கு விடை காண்கிறது.

எடுத்துக்காட்டு

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செய்யும் 48 வயதுப் பெண் ஒருவரைக் குழு கற்பனை செய்கிறது எனக் கொள்ளலாம். வலக்கையின் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகின்றன. இரவில் விழித்துக் கையை உதறினால் சற்றுக் குறைகிறது.

மணிக்கட்டில் நடு நரம்பு நெருக்கப்படுதல், கழுத்தெலும்புத் தேய்மானம், நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு ஆகிய மூன்றையும் எழுதுபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். சுண்டுவிரலுக்குத் தொல்லை இல்லை என்று எழுதினால் அது முதலாவதற்குச் சார்பு. கழுத்தைத் திருப்பினால் வலி கூடவில்லை என்பது இரண்டாவதற்கு எதிர். நீரிழிவு நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் பாதங்களில் தொடங்குவதால், பாதங்களில் உணர்ச்சி சரியாக இருப்பதையும் குறிக்க வேண்டும். ஆனால் இரத்தச் சர்க்கரை அளவு கூடுதல் என்று எழுதினால் விடை எளிதாகிவிடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மணிக்கட்டு நரம்பு நெருக்கமும் அதிகம் வருகிறது.

அடுத்து, அவருடைய கை நாள் முழுவதும் என்ன செய்கிறது என்பதை எழுத வேண்டும். குழித்தறியில் கால்கள் மிதியை அழுத்த, கைகள் நாடாவை எறிவதும் ஊடை நூலை அடித்து நெருக்குவதுமாக மணிக்கட்டு ஓயாமல் அசைகிறது. உடலும் கரையும் வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்களும் பெரும்பாலும் உடன் ஒருவரும் தேவை. கூலி சேலைக் கணக்கில் கிடைக்கிறது. 'ஒரு மாதம் ஓய்வெடுங்கள்' என்று மருத்துவர் சொன்னால் வருமானம் நிற்கும். துணைக்கு அமர்பவரின் வேலையும் நிற்கும். ஆகவே இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிதல், இடைவெளி விட்டு நெய்தல், எந்த நிலையில் அறுவை சிகிச்சை தேவை என்பன போன்றவற்றையும் மாணவர் சிந்திக்க வேண்டியதாகிறது.

தொழிலைக் கேட்டல்

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமத்சினி 1700-இல் வெளியிட்ட தொழில்சார் நோய்கள் பற்றிய நூலில், நோயாளியிடம் 'என்ன தொழில் செய்கிறீர்?' என்றும் கேட்க வேண்டும் என வலியுறுத்தினார். விடை காணும் மாணவர் இக்கேள்வியை மறந்துவிடக்கூடும். வரலாற்றை எழுதும் மாணவரோ நோயாளிக்கு ஒரு தொழிலைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வரம்புகள்

தவறான மருத்துவச் செய்தி வரலாற்றில் இருந்தால் அது வகுப்பு முழுவதும் பரவும். ஆசிரியரின் சரிபார்ப்பு இன்றியமையாதது. நேரில் பார்த்த நோயாளியைத் தழுவி எழுதும்போது பெயர், தெரு, வயது ஆகியவற்றை மாற்றினால் மட்டும் போதாது. சிற்றூரில் தொழிலும் குடும்ப விவரமுமே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். நெசவாளர் என்றாலே கைவலி என்று முடிவுகட்டும் பழக்கமும் வரக்கூடாது. அதே பெண்ணுக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதாக இன்னொரு வரலாறு எழுதச் செய்வது இதற்கு ஒரு மாற்று. உருவாக்கிய நோயாளி உண்மையான நோயாளிக்கு ஈடாக மாட்டார். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கான பயிற்சியே இம்முறை.