வயிறு நிறைய சாப்பிட்டும் உயிர் போனது ஏன்? வைட்டமினை வெட்டும் ஒரு நொதியின் கதை

மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், வயிறும் நிறைகிறது. ஆனாலும் உடம்பு நாளுக்கு நாள் தேய்கிறது. இப்படியும் நடக்குமா? 1861-ல் ஆஸ்திரேலியாவில் நடந்தது.

மெல்போர்னில் இருந்து கண்டத்தின் வடகோடி வரை போய்த் திரும்பிய பர்க், வில்ஸ், கிங் ஆகிய மூவரும் கூப்பர் க்ரீக் ஓடைக் கரையில் சிக்கிக்கொண்டார்கள். கையில் இருந்த உணவு தீர்ந்துபோனது. அங்கே கிடைத்தது 'நார்டூ'. நம்மூர் ஆரைக்கீரையின் நெருங்கிய சொந்தம் இந்தப் பெரணி. அதன் வித்துக்கூடுகளைப் பொறுக்கி, மாவாக்கிச் சாப்பிட்டார்கள்.

நன்றாகச் சாப்பிட்டும் கை கால்கள் வலுவிழந்து வருவதாக வில்ஸ் தன் டைரியில் எழுதினார். சில வாரங்களில் அவரும் பர்க்கும் இறந்துபோனார்கள்.

என்னதான் நடந்தது?

நார்டூவில் 'தயமினேஸ்' என்ற நொதி அதிகம். சாப்பாட்டில் இருக்கும் சர்க்கரையை உடல் ஆற்றலாக மாற்ற தயமின், அதாவது வைட்டமின் பி1, கட்டாயம் தேவை. தயமின் மூலக்கூறில் இரண்டு வளையங்கள் ஒரு சின்னப் பாலத்தால் இணைந்திருக்கும். தயமினேஸ் அந்தப் பாலத்தை வெட்டிவிடும். அவ்வளவுதான், வைட்டமின் காலி!

உடலில் தயமின் கையிருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தால் நரம்பும் இதயமும் தளரும். அதுதான் பெரிபெரி. பட்டினியோடு இதுவும் சேர்ந்தே இருவரையும் கொன்றிருக்கலாம் என்ற விளக்கம் 1994-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

அப்போ, அந்த ஊர் மக்கள்?

அங்கேயே வாழ்ந்த யாண்ட்ருவாந்தா பழங்குடி மக்களுக்கும் நார்டூ வழக்கமான உணவுதான். ஆனால் அவர்களிடம் ஒரு பக்குவம் இருந்தது. வறுத்து, அரைத்து, நிறைய தண்ணீர் சேர்த்தே சாப்பிட்டார்கள். நொதியை அடக்கியது இந்தப் பக்குவம்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கூடவே மீனும் சாப்பிட்டார்கள். அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்ட கிங் மட்டும் பிழைத்தார். செப்டம்பரில் மீட்புக் குழு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

நமக்கு ஆபத்தா?

கெண்டை போன்ற சில மீன்களிலும், சிப்பி வகைகளிலும் பச்சையாக இருக்கும்போது தயமினேஸ் உண்டு. ஆனால் குழம்பில் நன்றாகக் கொதித்தாலே அது செயலிழந்துவிடும். எனவே மீன் குழம்புக்குப் பயம் வேண்டாம். எப்போதாவது சுஷி சாப்பிடுபவர்களும், மற்ற உணவு சரியாக இருந்தால், கவலைப்படத் தேவையில்லை.

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள்தான் கொஞ்சம் கவனிக்கணும். தினமும் பச்சை மீன் மட்டுமே போட்டால் பூனைக்கு தயமின் குறைந்து, தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். மீனை வேக வைத்துக் கொடுங்கள், மற்ற உணவும் சேருங்கள்.

என்ன சாப்பிடுகிறோம் என்பது மட்டுமல்ல, எப்படிச் சமைக்கிறோம் என்பதும் முக்கியம். ஓடைக் கரையில் பர்க்குக்கும் வில்ஸுக்கும் கிடைக்காமல் போனது அந்தச் சமையல் குறிப்புதான்.