பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டர்

மே மாதம் ஊருக்குப் போய், ஜூனில் பள்ளி திறக்கும் சமயத்தில் மும்பைக்குத் திரும்பும் நம்மவர் சிலரிடம் பழைய டூ ஸ்ட்ரோக் பஜாஜ் சேத்தக் இன்னும் இருக்கிறது. ஒரு மாதம் நின்ற வண்டி லேசில் கிளம்பாது. கிளம்பினாலும் சோக்கை எடுத்தவுடன் அணைந்துவிடும். உடனே ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக, கண்ணில் படும் ஸ்க்ரூவையெல்லாம் திருகுகிறோம். கோளாறு ஸ்க்ரூவில் இல்லை, உள்ளே இருக்கிறது.

இந்த எஞ்சினில் பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் (லிட்டருக்கு 20 மில்லி) பிஸ்டனுக்கு மசகு. வண்டி நிற்கும்போது கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆயில் மட்டும் பிசினாகத் தங்கி ஜெட்டுகளை அடைக்கும். அப்படியே ஓட்டினால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் அதிகமாகச் சூடேறும். கூடவே ஆயிலும் குறைவதால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தில் இப்படி நேர்ந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளட்சை அழுத்துவது ஒன்றுதான் வழி. பின்சீட்டில் பேரப்பிள்ளையை உட்கார வைத்து ஓட்டுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் பாகங்களுக்கும் ஆகாது. ஆகவே ஊருக்குக் கிளம்புமுன் பெட்ரோல் டாப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுவது நல்லது. பாதி வேலை அதிலேயே மிச்சம்.

இனி கழற்றும் வேலை. பூஜை விளக்கு, காஸ் அடுப்பு எதுவும் அருகில் இல்லாத, காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். டாப்பை மூடி, வலப்பக்க மூடியையும் ஏர் ஃபில்டரையும் எடுத்து, கேபிள்களை விடுவித்து, இரண்டு நீண்ட போல்ட்டுகளைக் கழற்றினால் கார்புரேட்டர் கைக்கு வரும். திறந்த வாயில் உடனே சுத்தமான துணியை வையுங்கள். அதற்குள் ஒரு வாஷர் விழுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டி வரலாம். பாகங்களை வெள்ளைத் துணியில் கழற்றிய வரிசையிலேயே பரப்பி வைப்பது ரயில்வே ஷெட்டில் எனக்குப் படிந்த பழக்கம். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எடுக்குமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெட்டைக் கம்பியாலோ ஊக்காலோ குத்தக் கூடாது. எங்கள் வட்டாரத்து மெக்கானிக் ஒருவர் என் கண்ணெதிரே அதைச் செய்தார். எனக்கு மனம் பதறியது. ஜெட்டில் பொறித்த எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 100 என்றால் 1 மில்லிமீட்டர். அது 105 ஆனால் துளையின் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். அப்புறம் புகையும் செலவும்தான். பெட்ரோலில் ஊற வைத்து, டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பஞ்சர் கடையில் காற்றடித்து வாங்கினால் போதும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை என்று பொருள். நீடில் முனையில் வளையம்போலத் தேய்மானம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இரவில் கீழ்த்தளத்தில் பெட்ரோல் வாடை வருவது பெரும்பாலும் இதனால்தான். கேஸ்கட்டுகளை எப்போதும் புதிதாகப் போடுங்கள். பழையது வழியே காற்று புகுந்தால், எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை.

திரும்பப் பூட்டும்போது பலத்தைக் காட்ட வேண்டாம். அதிகம் இறுக்கினால் அடிப்பாகம் வளைந்து, த்ராட்டில் ஸ்லைடு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளலாம். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எழுதி வைத்த சுற்றுக்கே கொண்டுவாருங்கள். எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி, ஐந்தாறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிக்கொட்டை நிறமாக இருந்தால் சரி. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். பிளக்கைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சரிசெய்யலாம். வெளுத்திருந்தால் மட்டும் மறுபடி கழற்றிப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஆபீசுக்கு அன்று லோக்கல் ரயிலில் போய்விடுங்கள்.