கடை பூட்டுமுன் பேட்டரியைக் கவனியுங்கள்

2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். கீழே கடை, மாடியில் குடியிருப்பு என்றிருக்கும் நமக்கு இது எச்சரிக்கை.

விளாத்திகுளம் வெயிலில் தகரக் கூரைக் கிட்டங்கி உலையாய்க் கொதிக்கும். அங்கே வற்றல் மூட்டை, சாக்கு, தீப்பெட்டி பண்டல் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். வெயிலில் ஓடிவந்த வண்டிக்குச் சூடு ஆறியபின்பே சார்ஜ் போடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை உடனே ஒதுக்குங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜாகும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்; சூடம், ஊதுபத்தி அருகே வேண்டாம். கோடையில் நீர் சீக்கிரம் வற்றும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள்.

இரவு சார்ஜரைக் கழற்றிய பிறகே பூட்டைத் தொடுங்கள். சரக்கு போனால் மறுபடி கொள்முதல் செய்யலாம். உயிரை எந்த மண்டியில் வாங்குவது?